தத்துவமும் அறிவியலும் நிரலெழுதும் வேலையில் எந்த இடத்தில் கைகொடுக்கின்றன?

முடிவிலி (கேள்வி):

நிரலாக்கத்தைப் பற்றிய கட்டுரைகளில் அறிவியல் தத்துவவாதிகள் பாப்பர், குன், இயற்பியலாளர் ஹைசன்பர்க், என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) என்று பெயர்கள் அடிக்கடி வருகின்றன. முதல் பத்தியில் வருவார்கள், மூன்றாம் பத்தியில் காணாமல் போவார்கள். அந்தப் பெயரை எடுத்துவிட்டாலும் கட்டுரை அப்படியே நிற்கிறது என்றால், அது அலங்காரத்துக்கு வைத்ததுதான்.

நான் தேடுவது வேறு. ஒரு கருத்து தெரிந்தவர் செய்கிற, தெரியாதவர் செய்யாமல் விடுகிற ஒரு வேலை இருக்க வேண்டும். வேறு மாதிரி டெஸ்ட் எழுதுவது, டேபிளில் ஒரு நெடுவரிசை கூடுதலாக வைப்பது, ஒரு லாக் வரியை நம்ப மறுப்பது, இப்படி ஏதாவது. அந்த அளவுக்குக் கைக்கு எட்டும் கருத்துகள் எவை? அவை எங்கே வழி தவற வைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ் பழக்கம் உண்டு. தத்துவம் முறையாகப் படித்ததில்லை. கலைச்சொல் வந்தால் ஒரு வரி விளக்கம் வேண்டும்.

---

நூலிழை:

பிழை தேடுவதிலிருந்து தொடங்குகிறேன். அறிவியல் முறை அப்படியே வந்து உட்காரும் இடம் அதுதான்.

ஒரு பொதுக்கூற்றை எத்தனை உதாரணம் காட்டினாலும் மெய்ப்பித்துவிட முடியாது, ஒரே ஓர் எதிர் உதாரணம் போதும் அதைக் கவிழ்க்க: இது கார்ல் பாப்பர் 1934-ல் முன்வைத்த வாதத்தின் சாரம். டெஸ்ட்டால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லாமையைக் காட்ட முடியாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சொன்னதும் இதன் நேர்ப் பங்காளிதான். கேட்டுத் தலையாட்டுவது சுலபம். கை மாறுவது எங்கே என்றால், உதாரணங்களை எழுதுவதை விட்டுப் பொதுக்கூற்றையே எழுதும்போது. 2000-ல் கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் ஹாஸ்கெல் மொழிக்குச் செய்த குவிக்செக் இதற்கான கருவி. பைத்தானில் ஹைப்பாதிசிஸ் இருக்கிறது. "எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும், ஜேசனாக மாற்றித் திரும்பப் படித்தால் அதே பட்டியல் வர வேண்டும்" என்று கூற்றைக் கொடுத்துவிட்டால், கருவி தானே உள்ளீடுகளை உருவாக்கிக் கவிழ்க்கப் பார்க்கும். இயல்பாக 100 முறை முயலும். கவிழ்ந்துவிட்டால் அந்த உள்ளீட்டைச் சுருக்கிச் சுருக்கி, பிழையைக் காட்டும் மிகச் சிறிய வடிவத்தில் கையில் கொடுக்கும்.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று கண்ணில் படுகின்றன. கூற்று பலவீனமாக இருப்பது முதல் இடம். "வரிசைப்படுத்திய விடை ஏறுவரிசையில் இருக்கும்" என்று மட்டும் எழுதினால், எதைக் கொடுத்தாலும் வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தரும் ஃபங்ஷனும் தேறிவிடும். "உள்ளே போன உறுப்புகளே, அதே எண்ணிக்கையில் வெளியே வர வேண்டும்" என்பதையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, டெஸ்டுக்குள் அதே கணக்கை இன்னொரு முறை எழுதிவிடுவது. இரு பக்கமும் ஒரே தவறு இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். மூன்றாவது, கருவியின் கை எட்டாத எல்லை. ஜாவாவின் பைனரி தேடலில் பல ஆண்டுகள் இருந்த பிழையை 2006-ல் ஜோஷுவா பிளாக் வெளியே சொன்னார். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி 2-ஆல் வகுத்தார்கள். கூட்டுத்தொகை 2,147,483,647-ஐத் தாண்டினால் எதிர்ம எண் ஆகிவிடும். அதற்கு வரிசையில் ஏறக்குறைய 107 கோடி உறுப்புகள், அதாவது 2-இன் 30-ஆம் அடுக்கு, இருக்க வேண்டும். எந்தக் கருவியும் தற்செயலாக அவ்வளவு பெரிய வரிசையை உருவாக்காது. நடுப்புள்ளிக் கணக்கைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, பெரிய எண்களை மட்டும் கொடுத்துச் சோதித்திருந்தால் நொடியில் சிக்கியிருக்கும். திருத்தம்: கீழ் எல்லையோடு, இரண்டு எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கூட்டுவது.

பாப்பரோடு நின்றுவிடாமல் இயற்பியலாளர் பியேர் டுயெமையும் (1906) பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருதுகோளும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, துணைக் கருதுகோள்களின் கூட்டத்தோடுதான் வருகிறது என்றார். டெஸ்ட் சிவப்பானால் கவிழ்ந்தது உங்கள் நிரலாக இருக்கலாம். டெஸ்டாக, டெஸ்ட் தரவாக, நேர மண்டலமாக, லைப்ரரிப் பதிப்பாக, முந்தைய டெஸ்ட் விட்டுச் சென்ற மிச்சமாகவும் இருக்கலாம். 1994-ல் பென்டியம் சிப் 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டியதை 1.33374 என்று கொடுத்தது. அங்கே கவிழ்ந்தது "சிப் சரியாக வகுக்கும்" என்ற, யாரும் எழுதி வைக்காத கருதுகோள். ஆகவே தேடத் தொடங்குமுன் துணைக் கருதுகோள்களைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இது பொய் என்றால் என்ன தெரியும், அதைப் பார்க்க எத்தனை நிமிடம்" என்று குறியுங்கள். எது அதிகச் சந்தேகத்துக்கு உரியது, எது மலிவாகச் சோதிக்கக்கூடியது என்ற இரண்டையும் பெருக்கிப் பார்த்து வரிசை அமைக்க வேண்டும். கம்பைலர் மீதான சந்தேகம் பட்டியலில் இருக்கட்டும், கடைசியில் இருக்கட்டும்.

நிலவியலாளர் சேம்பர்லின் 1890-லேயே இதன் மறுபக்கத்தை எச்சரித்தார். ஒரே ஒரு கருதுகோளை வைத்துக்கொண்டால் பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதன் குற்றம் கண்ணுக்குப் படாது. ஆகவே பலவற்றை ஒரே நேரத்தில் கையில் வையுங்கள் என்றார். அடுத்து செய்யும் சோதனை குறைந்தது இரண்டு கருதுகோள்களுக்கு வெவ்வேறு விடை தர வேண்டும். எந்தக் கருதுகோள் உண்மையானாலும் ஒரே விடை தரும் பிரிண்ட் வரியைப் போடுவது நேர விரயம்.

---

அளவைக்காரன்:

நூலிழை சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இதற்கெல்லாம் ஐரோப்பாவுக்கே போக வேண்டியதில்லை. நம்மிடம் அளவையியல் என்று ஒரு துறையே இருக்கிறது. எதை வைத்து ஒன்றை "அறிந்தேன்" என்று சொல்கிறோமோ அது அளவை. காண்டல், கருதல், உரை என்பவை முதன்மையான மூன்று; அபாவம், ஒழிபு, ஐதிகம் என்று வேறு சிலவும் எண்ணப்படும். பிழை பற்றிய கூட்டத்தில் ஒருவர் ஏதாவது சொன்னால், "இது எந்த அளவையால் தெரிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சின் தரமே மாறும்.

காண்டல் என்பது லாக், டீபக்கர், மெட்ரிக் வழியாக நேரே பார்ப்பது. காட்சியிலும் இரண்டு குற்றம் உண்டு என்பார்கள்: ஐயம், திரிவு. தூரத்தில் நிற்பது கட்டையா மனிதனா என்று தெரியாதது ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே துணிவது திரிவு. ரிக்வெஸ்ட் அடையாள எண் இல்லாத லாக் ஐயக்காட்சிதான். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே ரிக்வெஸ்டைச் சேர்ந்தவையா என்று சொல்ல முடியாது. இரண்டு சர்வர்கள் வெவ்வேறு நேர மண்டலத்தில் எழுதிய லாகைக் கலந்து வரிசைப்படுத்திப் படிப்பது திரிவு. ஐயத்தைவிடத் திரிவு ஆபத்தானது, ஏனென்றால் பார்ப்பவர் துணிந்துவிடுகிறார், மேலே தேடுவதில்லை.

அபாவம் என்றால் இல்லாமையை வைத்து அறிவது. "லாகில் அந்த வரி இல்லை, ஆகவே அந்த ஃபங்ஷன் ஓடவில்லை." இது எப்போது செல்லும் என்பதற்கு நியாயவாதிகள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: அது இருந்திருந்தால் கட்டாயம் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்றாகாது. லாக் மட்டம் வார்னிங்கில் இருந்தால் இன்ஃபோ வரி வராது. நூற்றில் ஒன்றை மட்டும் சேமிக்கும் மாதிரியெடுப்பு இருந்தால் வராது. வெளியீடு பைப்புக்குப் போகும்போது பஃபரில் தேங்கும். புராசஸ் திடீரென்று செத்தால் கடைசி வரிகள் அதோடு போய்விடும். ஆகவே இல்லாமையைச் சான்றாக எடுக்குமுன் அதே இடத்தில், அதே மட்டத்தில், கட்டாயம் ஓடும் பாதை ஒன்றில் ஒரு வரி போட்டு அது வந்து சேர்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைத் தவிர்த்ததால் நாள் முழுக்கத் தவறான கோப்பைத் தேடுவது நடக்கும்.

கருதலுக்கு வருவோம். மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு. புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டு என்ற விடாத தொடர்பு வியாப்தி. இதைத் திருப்பிப் போட்டால் பொய்யாகிவிடும்: பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வர ஈர விறகு வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் நடுவே நிற்கும் இந்த ஈர விறகுக்கு உபாதி என்று பெயர். என் கணிப்பில், பிழை தேடுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒற்றைச் சொல் கிடையாது.

ஓர் உதாரணம். "வரத்து கூடினால் டைம்அவுட் வருகிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கனெக்ஷன் பூலில் (டேட்டாபேஸுக்கு முன்கூட்டியே திறந்து வைத்த இணைப்புகளின் தொகுப்பு) 20 இணைப்புகள், ஒவ்வொரு வினவலும் 50 மில்லிநொடி பிடிக்கிறது என்றால் நொடிக்கு 400 வினவல் தாங்கும் (20-ஐ 0.05-ஆல் வகுத்தால் கிடைப்பது; ஒரே நேரத்தில் பிடிபட்டிருப்பவை வரத்து வீதத்தையும் பிடிக்கும் நேரத்தையும் பெருக்கினால் வரும் என்ற லிட்டில் விதி). வரத்து உச்சத்தில் 250 மட்டுமே. அப்படியானால் வரத்து மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதே நேரத்தில் ஓடும் ஓர் அறிக்கை வேலை 10 இணைப்புகளைப் பல நொடிகள் பிடித்துவைத்தால் தாங்குதிறன் 200-க்கு இறங்கும், 250 தாங்காது. அறிக்கைதான் ஈர விறகு. சோதிக்கும் முறையும் பழையதே: உடன்பாடு, எதிர்மறை இரண்டும் பார்ப்பது. அறிக்கையை நிறுத்திவிட்டு 250 வரத்து கொடுத்தால் டைம்அவுட் போக வேண்டும். அறிக்கையை ஓடவிட்டு வரத்தை 250-இலேயே வைத்தால் திரும்ப வர வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. திருத்தமும் இதிலிருந்தே பிறக்கிறது: பூலைப் பெரிதாக்குவதைவிட அறிக்கைக்கு 2 இணைப்புள்ள தனிப் பூல் கொடுப்பது மேல்.

உரை என்பது நம்பத்தக்கவர் சொல். ஆவணம், கமென்ட், சக ஊழியரின் பேச்சு எல்லாம் இதில் அடங்கும். எழுதியவர் அறிந்தவரா, எழுதியபோது இருந்த பதிப்பு எது என்று கேட்க வேண்டும். சொன்னவர் யார் என்றே தெரியாமல் வழிவழியாக வருவது ஐதிகம். "இந்த 3 நொடிக் காத்திருப்பை எடுக்காதீர்கள்" என்று காரணமில்லாமல் நிற்கும் கமென்ட் அந்த வகை. அதை மீறச் சொல்லவில்லை. அது வந்த கமிட்டைத் தேடி ஐதிகத்தை உரையாக உயர்த்த முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

---

பகுஎண்:

தரவு வடிவமைப்புப் பக்கம் யாரும் போகவில்லை. அங்கே தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்று தினமும் பிழையாக வருகிறது: "அதே பொருள்" என்றால் என்ன?

தருக்கவியலாளர் ஃப்ரேகே 1892-ல் எழுதினார்: விடிவெள்ளி, அந்திவெள்ளி என்ற இரண்டு பெயர்களும் சுட்டுவது ஒரே கோளைத்தான், ஆனால் பெயர்கள் அதைக் காட்டும் விதம் வேறு. சுட்டப்படும் பொருள் ஒன்று, காட்டும் விதம் வேறு என்ற இந்தப் பிரிவினையை ஜாவாவில் கைவிட்டால் நடப்பது இது. பெட்டியிடப்பட்ட (ஆப்ஜெக்டுக்குள் வைத்த) இன்டிஜர் இரண்டை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் அது ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். -128 முதல் 127 வரை ஜாவா முன்கூட்டியே சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் 127-ம் 127-ம் சமம் என்று வரும். 128-ம் 128-ம் சமமில்லை என்று வரும். டெஸ்ட் தரவில் வரிசை எண்கள் 1, 2, 3 என்று இருப்பதால் டெஸ்ட் எல்லாம் தேறும். நிஜ டேட்டாபேஸில் 128-ஆவது வரியிலிருந்து உடையும்.

பலகை பலகையாக மாற்றிய தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்ற கேள்வி அடுத்தது. இதற்குத் தத்துவத்தில் ஒரே விடை கிடையாது, நிரலிலும் கிடையாது; டேபிளுக்கு டேபிள் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யாமல் விட்டால் முதன்மைச் சாவி உங்களுக்காக முடிவு செய்துவிடும். மின்னஞ்சலை முதன்மைச் சாவியாக வைத்தால், "மின்னஞ்சல் மாறினால் அவர் வேறு ஆள்" என்று ஒரு தத்துவ நிலைப்பாடு எடுத்தாயிற்று. அவர் முகவரியை மாற்றும் நாளில் அதைச் சுட்டும் எல்லா டேபிள்களையும் தொட வேண்டிவரும். இதற்கு மாறாக, பணத்தொகை, தேதி, ஆயத்தொலைவு போன்றவற்றுக்குத் தனி அடையாளமே கிடையாது. 50 என்பது எங்கிருந்தாலும் 50. அவற்றுக்கு அடையாள எண் கொடுப்பதும் பிழைதான்.

நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றே: எல்லாப் புலங்களும் மாறிய பிறகும் "இது அதுதான்" என்று சொல்வோமா? ஆம் என்றால் பொருளற்ற, மாறாத அடையாள எண் கொடுங்கள். சமத்துவத்தை அந்த எண்ணால் மட்டும் பாருங்கள். இல்லை என்றால் உருவான பின் மாற்ற முடியாததாக ஆக்குங்கள். சமத்துவத்தை எல்லாப் புலங்களாலும் பாருங்கள். இரண்டையும் கலக்கும்போது வரும் பிழை மிக விசித்திரமானது. மாறக்கூடிய புலத்தை வைத்து ஹாஷ் கணக்கிட்டு ஒரு ஆப்ஜெக்டை ஹாஷ்செட்டில் போட்டு, பிறகு அந்தப் புலத்தை மாற்றினால், செட்டைச் சுற்றி வந்தால் ஆப்ஜெக்ட் கண்ணுக்குத் தெரியும், "இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்னும், நீக்கவும் முடியாது. அது பழைய ஹாஷின் அறையில் உட்கார்ந்திருக்கிறது, தேடுவது புதிய ஹாஷின் அறையில்.

இதையொட்டி ஒன்று: ஒவ்வொன்றும் தனக்குத்தானே சமம் என்ற தருக்க விதிகூட ஐட்ரிபிள்இ 754 (கணினியில் தசம எண்களுக்கான தரநிலை) எண்களில் செல்லாது. நேன் ("எண் அல்ல" என்று குறிக்கும் மதிப்பு) நேனுக்குச் சமமில்லை. பைத்தானில் நேன் உள்ள பட்டியலை வரிசைப்படுத்தினால் பிழைச்செய்தி வராது, வரிசை மட்டும் சத்தமில்லாமல் கலைந்திருக்கும். தரவு உள்ளே வரும் வாசலிலேயே நேனை வடிகட்டுங்கள்.

---

ஒளிக்கூம்பு:

சிறப்புச் சார்பியலிலிருந்து நேரே வந்த ஒரு கருத்து நாம் எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளுக்குள் இருக்கிறது. கணினி அறிஞர் லெஸ்லி லேம்போர்ட் 1978-ல் பகிர்ந்த கணினி அமைப்புகளில் நிகழ்வுகளின் வரிசை பற்றி எழுதிய கட்டுரைக்கு விதை அதுதான்.

ஐன்ஸ்டைனின் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: தொலைவில் உள்ள இரண்டு நிகழ்வுகளில் எது முந்தையது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை எப்போதும் இருக்காது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒளியின் வேகத்திலாவது செய்தி போய்ச் சேர முடிந்திருந்தால் மட்டுமே முன்-பின் என்பது உறுதி. லேம்போர்ட் ஒளியின் இடத்தில் நெட்வொர்க் செய்தியை வைத்தார். "இது நடந்து, அந்தச் செய்தி அங்கே போய், பிறகு அது நடந்தது" என்ற சங்கிலி இருந்தால் முன்-பின் உண்டு. சங்கிலி இல்லாவிட்டால் அவை உடனிகழ்வுகள். கடிகாரம் என்ன காட்டினாலும் சரி.

தொலைவு இதில் பொருட்படுத்தத்தக்கது. கண்ணாடி இழையில் ஒளி மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள சர்வருக்குப் போய்த் திரும்பக் குறைந்தது 100 மில்லிநொடி. அந்த இடைவெளியில் இரு பக்கமும் எழுதியவை ஒன்றையொன்று அறியா.

கையில் மாறுவது: இரண்டு சர்வர்கள் ஒரே வரியைத் திருத்தும்போது "நேரமுத்திரை பிந்தியது வெல்லும்" என்று வைப்பது பலருக்கும் கை போகும் வழி. ஒரு சர்வரின் கடிகாரம் 300 மில்லிநொடி முன்னே ஓடினால், மற்றதில் 200 மில்லிநொடி கழித்துச் செய்த திருத்தம் சுவடில்லாமல் அழியும். லாகில் எரர் இராது. இதற்குப் பதில் பதிப்பு எண் என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். படிக்கும்போது பதிப்பு 7 என்றால், எழுதும்போது "பதிப்பு இன்னும் 7-ஆக இருந்தால் மட்டும் மாற்று, பதிப்பை 8 ஆக்கு" என்று நிபந்தனை சேருங்கள். பாதிக்கப்பட்ட வரிகள் 0 என்று வந்தால் நடுவே யாரோ எழுதிவிட்டார்கள். திரும்பப் படித்துத் தொடங்க வேண்டும். அந்த 0-வைச் சரிபார்க்காமல் விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

எல்லோருக்கும் பொதுவான ஒரு டேட்டாபேஸ் இல்லாத இடத்தில் லேம்போர்ட் கடிகாரம்: ஒவ்வொரு புராசஸும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். தனக்குள் ஏதாவது நடந்தால் 1 கூட்டும். செய்தி அனுப்பும்போது எண்ணையும் அனுப்பும். பெறும்போது தன் எண், வந்த எண் இரண்டில் பெரியதை எடுத்து 1 கூட்டும். இதன் எல்லையை மறக்கக் கூடாது. முந்தையதன் எண் கட்டாயம் சிறியதாக இருக்கும், ஆனால் சிறிய எண் என்பதால் முந்தையது என்றாகாது. உடனிகழ்வுகளைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றால் புராசஸுக்கு ஒன்றாக எண்வரிசை வைக்கும் வெக்டர் கடிகாரம் தேவை. புராசஸ்கள் கூடக்கூட அது நீளும்.

ஒரே கணினிக்குள்ளும் இது எட்டிப் பார்க்கும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதைச் சுவர்க் கடிகாரத்தால் அளக்காதீர்கள். நேர ஒத்திசைவு அதைப் பின்னுக்கு இழுத்தால் எதிர்ம விடை வரும். ஜாவாவில் நானோடைம், பைத்தானில் மோனோடோனிக். அவை பின்னால் போகா, ஆனால் ஒரு கணினியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

---

முடிவிலி:

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது, எல்லோருக்கும் நன்றி. உபாதியும் பதிப்பு எண்ணும் உடனே பயன்படும். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை: வழி தவற வைப்பவை எவை? ஹைசன்பக், மென்பொருள் என்ட்ரோபி இரண்டையும் மனதில் வைத்தே கேட்டேன்.

---

நூலிழை:

ஹைசன்பக் என்ற சொல்லை 1985-ல் ஜிம் கிரே தன் அறிக்கையில் போர்பக் என்பதற்கு எதிர்ப்பதமாகப் பயன்படுத்தினார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உடைவது போர்பக். திரும்ப ஓட்டினால் மறைந்துபோவது ஹைசன்பக். அவர் அதிலிருந்து எடுத்த முடிவு நடைமுறை சார்ந்தது: இரண்டாம் வகைக்கு மறுமுயற்சி பலன் தரும், முதல் வகைக்குத் தராது. அந்தப் பிரிவினை இன்றும் நல்லது. எந்த எரருக்கு ரீட்ரை வைக்கலாம் என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், "பார்த்தால் மறைகிறது, குவாண்டம் மாதிரி" என்று சொல்லிவிட்டு மேலே தேடாமல் விடுவதில். ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மை இயற்கையின் எல்லை. இடமும் உந்தமும் ஒருசேரத் துல்லியமாக அமைவதே இல்லை. உங்கள் நிரலில் அப்படி எந்த எல்லையும் கிடையாது. பார்ப்பதால் மறைந்தால் அதற்கு இயந்திரத்தனமான காரணம் உண்டு, அதைக் கண்டுபிடிக்கலாம். பிரிண்ட் வரி தனக்குள் பூட்டு எடுக்கிறது, த்ரெட்கள் அங்கே வரிசையில் நிற்பதால், யார் முந்துவது என்ற அவற்றின் போட்டி மறைகிறது. அல்லது பழைய 32-பிட் எக்ஸ்86 கம்பைலர்களில், தசம எண் 80-பிட் ரெஜிஸ்டரில் இருந்தது; பிரிண்ட் சேர்த்ததும் 64-பிட் நினைவகத்துக்கு இறங்கி வட்டமிடப்பட்டது, ஒப்பீட்டின் விடை மாறியது. அல்லது டீபக் பில்டில் ஆப்டிமைசேஷன் இல்லை. ஆகவே முதலில் பார்க்கும் செலவைக் குறையுங்கள்: கோப்புக்கு எழுதாமல், த்ரெட்டுக்கு ஒன்றாக நினைவகத்தில் 4096 இடமுள்ள வட்டப் பஃபர் (நிறைந்ததும் பழையதன் மேல் எழுதுவது) வைத்து, நிகழ்வு எண்ணையும் நேரத்தையும் மட்டும் அதில் போடுங்கள், உடைந்த பிறகு கொட்டிப் பாருங்கள். பிறகு பிழையை மறைக்காமல் தூண்டிவிடுங்கள்: சந்தேகமான இரண்டு வரிகளுக்கு நடுவே 1 முதல் 10 மில்லிநொடி வரை சீரற்ற தாமதம் சேர்த்தால், ஆயிரத்தில் ஒரு முறை வந்தது பத்தில் ஒரு முறை வரத் தொடங்கலாம்.

என்ட்ரோபி பற்றி: வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி தனித்து விடப்பட்ட அமைப்புக்கு உரியது. தனித்து விடப்பட்ட கோட் மாறுவதில்லை. பத்து ஆண்டு கழித்துத் திறந்தாலும் ஒரு பிட் நகர்ந்திராது. மாறுவது சுற்றியுள்ள உலகம். மேனி லேமன் 1974 முதல் எழுதிய விதிகள் இங்கே நேராகப் பொருந்தும்: உலகில் பொதிந்த மென்பொருளைத் தொடர்ந்து மாற்றியே ஆக வேண்டும், மாற்ற மாற்றச் சிக்கல் கூடும், குறைப்பதற்கென்று தனியாக உழைத்தாலொழிய. உருவகத்தை நம்புபவர் "எல்லாம் கெட்டுப்போகும், திரும்ப எழுதுவோம்" என்பார். லேமனைப் படித்தவர் எந்த வெளிச் சார்பு மாறியது, எந்தக் கோப்பை அடிக்கடி தொடுகிறோம் என்று கமிட் வரலாற்றில் எண்ணிப் பார்ப்பார். ஓராண்டில் 60 முறை மாறிய கோப்பும் ஒரு முறையும் மாறாத கோப்பும் ஒரே அழுக்கோடு இருந்தால், சுத்தம் செய்ய வேண்டியது முதலாவதை மட்டும்தான்.

---

பகுஎண்:

இன்னொன்றையும் சேர்க்கலாம். நிறுத்தச் சிக்கல், அதாவது ஒரு நிரல் ஓடி முடியுமா முடியாதா என்று முன்கூட்டியே சொல்வது, தீர்க்க முடியாதது (டூரிங், 1936), ஆகவே நிரலைத் தானாக ஆராய்வது வீண் என்று சிலர் சொல்வது. ரைஸ் 1953-ல் நிறுவியது, நிரலின் நடத்தை பற்றிய எந்த முக்கியமான கேள்விக்கும் எல்லா நிரல்களுக்கும் சரியான விடை தரும் ஒரே வழிமுறை இராது என்பதே. "எல்லா" என்ற சொல்லில்தான் விதி நிற்கிறது. தெரியாத இடத்தில் "தெரியாது" என்று சொல்லும் கருவிக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே எந்த அனலைசரை எடுத்தாலும் அது எந்தப் பக்கம் தவறும் என்று கேளுங்கள்: பொய் எச்சரிக்கை தருமா, பிழையை விட்டுவிடுமா? டைப் செக்கர் முதல் வகையைச் சேர்ந்தது. சரியான சில நிரல்களையும் மறுக்கும். லின்ட் கருவிகள் (ஓட்டாமலே கோடைப் படித்துச் சந்தேகமான இடங்களைக் காட்டுபவை) பெரும்பாலும் இரண்டையும் செய்யும். எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்பதன் பொருள் கருவிக்குக் கருவி வேறு. அளவைக்காரன் அபாவம் பற்றிச் சொன்ன நிபந்தனை இங்கேயும் செல்லும்.

---

முடிவிலி:

கடைசியாக ஒன்று. ஒரு பிழை 50 ஓட்டத்தில் ஒரு முறை வருகிறது. திருத்திவிட்டோம், டெஸ்டை 20 முறை ஓட்டினோம், பச்சை. போதுமா? பாப்பர்படி எத்தனை முறை ஓட்டினாலும் மெய்ப்பிக்க முடியாது என்றால், எங்கே நிறுத்துவது?

---

அளவைக்காரன்:

20 போதாது. பிழை அப்படியே இருந்தாலும் ஓர் ஓட்டம் தேறும் வாய்ப்பு 0.98, இருபதும் தேறும் வாய்ப்பு 0.98-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது 67 சதவீதம். திருத்தம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் மூன்றில் இரண்டு தடவை பச்சைதான் வந்திருக்கும். இதை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர 149 ஓட்டம், 1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர 228 ஓட்டம் தேவை. மனக்கணக்குக்கு: 3-ஐப் பிழை வீதத்தால் வகுங்கள், 3-ஐ 0.02-ஆல் வகுத்தால் 150. மெய்ப்பிக்க முடியாது என்பது உண்மை, ஆனால் எவ்வளவு ஏமாறச் சம்மதம் என்பதை எண்ணாகச் சொல்லிவிட்டால் நிறுத்தும் இடம் கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கு ஓட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற துணைக் கருதுகோளின் மேல் நிற்கிறது. ஒரே சீரற்ற விதை எண், ஒரே புராசஸ், சூடான கேஷ் என்று 150 முறை ஓட்டினால் அது கிட்டத்தட்ட ஒரே ஓட்டம்தான். ஒவ்வொன்றுக்கும் புதிய புராசஸ், புதிய விதை எண் கொடுங்கள். பாதியை மற்ற சிபியு வேலை ஓடும்போது ஓட்டுங்கள். அதற்கும் முன்னால், திருத்தத்தை எடுத்துவிட்டு அதே அமைப்பில் 150 முறை ஓட்டுங்கள். சராசரியாக மூன்று முறை சிவப்பு வரும் என்பது எதிர்பார்ப்பு. ஒன்றுகூட வரவில்லை என்றால் உங்கள் சோதனை அமைப்பில் பிழை எழவே இல்லை. திருத்தத்துக்குப் பிறகு வந்த பச்சைக்கு மதிப்பில்லை.

---

நூலிழை:

இதையே கிட் பைசெக்டிலும் (பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கருவி) கணக்கில் எடுங்கள். 1000 கமிட்டுகளுக்கு நடுவே தேடினால் சுமார் 10 படி. ஐந்தில் ஒரு முறை மட்டும் உடையும் பிழைக்குப் படிக்கு ஒரு ஓட்டம் வைத்தால், கெட்ட கமிட்டை 80 சதவீத வாய்ப்போடு நல்லது என்று குறித்துவிடுவீர்கள், அதன்பின் தேடல் தவறான பாதியில் போகும். படிக்கு 30 ஓட்டம் வைத்தால் அந்த வாய்ப்பு 0.12 சதவீதம், 10 படிக்கும் சேர்த்து அதிகபட்சம் 1.2 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஸ்கிரிப்ட் முதல் சிவப்பிலேயே 1 என்று வெளியேறட்டும், முப்பதும் பச்சையானால் 0. பில்டே ஆகாத கமிட்டுக்கு 125 திருப்புங்கள், பைசெக்ட் அதைத் தாண்டிப் போகும். இதை மறந்தால் மேக் கருவி பில்ட் தோல்விக்குத் தரும் 2-ஐ அது "கெட்டது" என்று எடுத்துக்கொண்டு, பிழைக்குச் சம்பந்தமே இல்லாத கமிட்டில் போய் நிற்கும்.